விளிம்பு மேட்டில் ஆறு மணி நேரம்

ஐம்பது வயது நிறைந்தவர்கள் ஓராண்டுக்குள் தங்கள் கண்களை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது நிலவின் மறுபுறக் குடியிருப்பில் தண்ணீர் வரி கட்டுவதுபோலச் சாதாரணம். நிலவுத் தூசி பட்டுப் பட்டுக் கண் பழுதாகிவிடும். அதற்கு முன்பே எடுத்துவிட்டு விழிக்கருவி பொருத்திவிடுவார்கள். நல்ல கருவிதான். எதைப் பார்த்தாலும் துடைத்து மெருகேற்றிக் காட்டும். மாமியார் முகத்தில்கூடச் சுருக்கம் தெரியாது.

உமையாளுக்குக் கடிதம் வந்தபோது அவள் அழவில்லை. பூமியைச் சொந்தக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மறுபுறத்திலிருந்து பூமி தெரியவே தெரியாது. அவளும் அவள் அம்மாவும் அங்கேயே பிறந்தவர்கள். படத்தில் பார்த்ததோடு சரி. தரைவழியே மூன்று நாள் போனால் விளிம்பு மேடு வரும். அங்கே பூமி அடிவானத்தில் நீல உருண்டையாக நிற்குமாம். ஒரு குடும்பத்துக்கு ஆயுளில் ஒருமுறை, ஆறு மணி நேரம் அனுமதி.

பேருந்து இருந்தது. "பஸ்ஸுல எவன் போவான்? நம்மளே ஒரு வேன் ரெடி பண்ணிக்கலாம்," என்றான் அவள் கணவன் சாத்தப்பன். கனிமம் சுமந்து ஓய்ந்த பழைய மண்வண்டி ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். இரண்டே மாதம் என்றான். எல்லா ஆண்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

முதல் மூன்று மாதம் சுவர்களில் குளிர்த்தடைப் பஞ்சு அடைப்பதில் போயிற்று. பிறகு பசுங்குடிலில் விளைந்த மூங்கிலில் பலகை, மடக்குக் கட்டில், அலமாரி. அலமாரி ஒரு பக்கம் நூலளவு இறங்கியிருப்பதாகத் தோன்றியதும் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி தொடங்கினான். கிரைண்டருக்குத் தனியாக ஒரு மேடை கட்டினான். ஒரு வாரப் பயணத்துக்குக் கிரைண்டர் எதற்கு என்றால், "வழியில மாவு தீந்துபோச்சுன்னா?" என்பான். ஒவ்வொன்றையும் படம்பிடித்துக் குடியிருப்பு வலையில் போட்டான். நாலாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவராவது எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்டதில்லை.

பதினோரு மாதம் கழிந்த பிறகு உமையாள் அவன் கையிலிருந்த திருப்புளியைப் பிடுங்கினாள்.

"இன்னும் மூணு வாரந்தாங்க இருக்கு. கண் கெட்ட பெறகு சூரிய நமஸ்காரமா? எனக்கு அலமாரியும் வேணாம், ஒரு எழவும் வேணாம். நான் பாக்கப் போறது பூமியை."

"கோச்சுக்காத உமையா. வார்னிஷ் இன்னும் ஒரு கோட்டுதான்."

"அது காயற வரைக்கும் என் கண்ணு இருக்குமான்னு ஆஸ்பத்திரியில கேட்டுட்டு வாங்க."

மறுநாளே கிளம்பினார்கள். மூன்று நாளும் அவள் பெரும்பாலும் கண்ணை மூடியே வந்தாள். சாம்பல் தரையைப் பார்த்துப் பார்வையை வீணாக்க அவளுக்கு மனமில்லை.

விளிம்பு மேட்டில் இருபது வேன்கள் வரிசையாக நின்றன. காற்றில்லாத இடமாதலால் வண்டிகளைக் குழாய்களால் ஒன்றோடொன்று இணைத்துவிடுவார்கள். உள்ளுக்குள்ளேயே நடந்து போய்வரலாம். வெயில் பட்டால் மூங்கில் வெளுத்துவிடும் என்று வண்டியை நிறுத்திய கையோடு சாத்தப்பன் வண்டியின் ஒரே சன்னலான முன்கண்ணாடியில் திரையை இழுத்துவிட்டான். உமையாள் அதை விலக்க எழுந்தாள். அதற்குள் கதவு தட்டப்பட்டது. வலையில் பார்த்தவர்கள் ஏழெட்டுப் பேர் வண்டி பார்க்க வந்திருந்தார்கள். வந்தவர்களுக்கு ஒரு காபிகூடக் கொடுக்காமல் எப்படி? ஒன்றரை மணி நேரம் போனது.

கடைசியாகப் புறப்பட்ட ஜெசிந்தா என்பவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எங்க வண்டிக்கும் ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ரெண்டே நிமிஷம்."

ஜெசிந்தாவின் வண்டியில் சுவரைத் தொட்டால் உள்ளிருந்து ஓர் அலமாரி நீண்டு வந்தது. மூன்று தட்டு. மிளகு, சீரகம், பெருங்காயம், எல்லாவற்றுக்கும் அளவெடுத்துச் செய்த குழிகள். விட்டதும் சத்தமே இல்லாமல் உள்ளே போய்விட்டது. உமையாள் மறுபடி தொட்டாள். மறுபடியும் வந்தது.

"என்னங்க, இங்க கொஞ்சம் வாங்க," என்று குரல் கொடுத்தாள். "இந்த மாதிரி நீங்க ஏன் செய்யல?"

சாத்தப்பன் அளவு நாடாவோடு ஓடிவந்தான். அவன் அளக்க, அவள் எழுதிக்கொண்டாள். நாலாவது வண்டியில் இதைவிட நன்றாக ஒன்று இருப்பதாக யாரோ சொல்ல, அங்கும் போனார்கள். ஒன்பதாவது வண்டியில் ஓர் அலமாரியின் ஆழத்தை எழுதிக்கொண்டிருந்தபோது நேரம் முடிந்த மணி அடித்தது. அவர்கள் தங்கள் வண்டிக்குள் காலை வைத்ததுமே குழாய்கள் கழன்றன, நிலைய விதிப்படி வண்டி தானாகவே திரும்பி ஓடத் தொடங்கியது. உமையாள் பாய்ந்து போய்த் திரையை விலக்கினாள். எதிரே வீட்டுக்குப் போகும் பாதைதான் தெரிந்தது. வழியெல்லாம் அழுதாள்.

குறித்த நாளில் மருத்துவமனையின் செவிலி இயந்திரம் அவளுக்கான படிவத்தை நிரப்பியது. சொந்தக் கண்ணால் பார்த்ததில் மறக்க முடியாத ஒரு காட்சியைச் சொன்னால் புதிய கருவியில் பதித்துத் தருவார்கள், ஆயுளுக்கும் பார்த்துக்கொள்ளலாம்.

"விளிம்பு மேட்டுக்குப் போயிட்டு வந்திருக்கீங்க," என்றது இயந்திரம். "பூமியா?"

உமையாள் தலையைக் குனிந்துகொண்டாள். அவமானமாக இருந்தது. ஆனாலும் கண்ணை மூடினால் அதுதான் வந்து நின்றது.

"இல்ல. ஒரு அலமாரி."

இயந்திரம் வியப்படையவில்லை. திரையில் காட்சிகளின் பட்டியலை விரித்து அவள் பக்கம் திருப்பியது. அதில் அலமாரிகள் மட்டும் நாற்பது வகை இருந்தன.

"எத்தனை தட்டும்மா?" என்று கேட்டது.