ஏழரைக்கு விருந்து, ஆறு நாற்பதுக்குக் காலிச் சட்டி

மாலை ஆறு நாற்பது. தம்பி சட்டியின் மூடியைத் திறந்தான். அவன் போட்ட கூச்சலில் மாடிக் குடித்தனக்காரர் தொலைக்காட்சியையே அணைத்துவிட்டார்.

"ஐயோ, கறி போச்சு! மொத்தமும் போச்சு!"

இரண்டு கிலோ கோழி. சீரகமும் மிளகாயும் பூண்டுமாக மதியத்திலிருந்து வெந்து, நார் நாராக உதிர்ந்த கோழி. இப்போது சட்டியில் இருந்ததெல்லாம் ஓரத்தில் ஒட்டிய சிவப்பு மசாலா மட்டும்.

ஏழரைக்கு விருந்தாளி வருகிறார். தெருமுனைக் கடைக்குச் சொந்தக்கார அம்மாள் அவர். அந்தக் கடையை வாடகைக்குக் கேட்டு, தம்பியோடு சேர்த்து மூன்று பேர் நடையாய் நடக்கிறார்கள். "பேச்சுல முடிவு பண்ண மாட்டேன், பல்லுலதான் பண்ணுவேன். வீட்டோட உட்கார்ந்து சாப்பிடற மாதிரி ஏதாவது செய்" என்று சொல்லியிருந்தார். தம்பி டாக்கோ என்றான். சுடச்சுட மக்காச்சோள ரொட்டி, நடுவில் கறி, மேலே எலுமிச்சை; அவரவர் கையால் மடித்துச் சாப்பிடலாம்.

அவனுக்கு இது கடைசிப் பந்து. மூன்று மாதம் முன்பு ஒரே ஒரு நாள் சூப்பில் உப்பு கரித்ததற்கு, "உன் நாக்கு செத்துப்போச்சு" என்று ஓட்டல் மேனேஜர் அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார். இன்றும் கவிழ்ந்தால் கரண்டியை ஒரேயடியாக வைத்துவிடுவான் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரியாக அந்தக் கூச்சலுக்குள் காலெடுத்து வைத்தாள் அக்கா. காப்பீட்டு நிறுவனத்தில் நஷ்டம் விசாரிப்பது அவள் வேலை. எரிந்த கிடங்கு, நனைந்த பருத்தி, தொலைந்த லாரி எல்லாம் பார்த்தவள். ஆபீஸில் வைத்த பெயர் தராசு. அது வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. விற்காத சரக்கு இருக்கிற கடையில்தான் தீ சீக்கிரம் பிடிக்கும் என்பது பதினாறு வருஷத்தில் அவள் கற்ற பாடம்.

"யாரும் எதையும் தொடாதீங்க!" என்றாள். அவளுக்கே உள்ளூர ஒரு குதியாட்டம். கிடங்குகளில் இவ்வளவு நல்ல மணம் வருவதில்லை.

ஜன்னல் தாழிட்டிருந்தது. பூனை வரவில்லை, வந்திருந்தாலும் மூடியைத் திரும்பப் பொருத்திவிட்டுப் போகிற நாகரிகப் பூனை அந்தத் தெருவில் இல்லை. தொட்டியில் நக்கிய தேக்கரண்டிகள் மூன்று. தம்பியோ ஒரே மரக்கரண்டியால் சமைப்பவன். காலையில் அம்மா தளும்ப நிரப்பிய உப்புச் சாடி கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. அலமாரியில், சாப்பாடு சூடு ஆறாமல் வைக்கிற சூட்டுப்பெட்டி இருந்த இடத்தில் வட்டமாக ஒரு தூசித் தடம். ஈரத்துணிக்கு அடியில் மாவு. தராசு ஒரு சிட்டிகை கிள்ளி வாயில் போட்டாள்; முகத்தில் எதையும் காட்டவில்லை.

ஆறு நாற்பத்தாறு. விசாரணை.

"கறியைக் கடைசியா எப்பப் பார்த்தே?"

"ஆறு மணிக்கு. குளிச்சிட்டு வந்தேன், சட்டி நிறைய இருந்துச்சு. மாவு பிசைஞ்சேன். ஆறேகாலுக்கு எலுமிச்சை வாங்கப் போனேன். வந்து திறந்தா..." தம்பி ஒரு தம்ளர் தண்ணீரை மடமடவென்று குடித்தான்.

"ருசி பார்த்தியா?"

"எதுக்கு? என் கறி எனக்குத் தெரியாதா?" இன்னொரு தம்ளர்.

"அப்பா, நீங்க?"

அப்பா நாற்பது வருஷம் ஜவுளி விற்றவர். முதல் விலையை யாரிடமும் உண்மையாகச் சொன்னதில்லை. "நான் அடுப்படிப் பக்கமே போகலை."

"மீசையில மசாலா இருக்கு."

"...ஒரு தடவை போனேன். அஞ்சரைக்கு. பார்த்தேன், வந்துட்டேன்."

அம்மா முந்திக்கொண்டாள். "என்னைப் பார்க்காதே. இவன் குளிக்கப் போனப்ப அடி பிடிக்கக் கூடாதேன்னு கிளறினேன். பெத்தவ கிளறக் கூடாதா?"

தம்பியின் மனைவி, இந்த வீட்டு மருமகள், மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். சொல்லையும் மில்லிகிராம் கணக்கில்தான் கொடுப்பாள். "அஞ்சேகால். இவருக்கு ஃபோன் வந்துச்சு. அரை நிமிஷம் நின்னேன், அண்ணி."

"அக்கா, போலீஸைக் கூப்பிடு!" என்றான் தம்பி. "இல்லேன்னா அந்தம்மாகிட்ட திருட்டுப் போச்சுன்னு சொல்லிடு. திருட்டு போறது யார் வீட்டுலயும் நடக்கிறதுதானே?" மூன்றாவது தம்ளர்.

தராசு அவனையே பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஆறு ஐம்பத்தெட்டு.

"திருடினவனைச் சொல்லட்டுமா? இப்பத்தான் மூணு தம்ளர் தண்ணி குடிச்சான்."



"என் கறியை நானே திருடுவேனா? பைத்தியமா உனக்கு?"

"தன் கிடங்குக்குத் தானே தீ வைக்கிறவனைத்தான் நான் தினமும் பார்க்கிறேன்டா. திருட்டுப் போனா ஊர் பாவம்னு சொல்லும். உப்பு கரிச்சா ஊர் சிரிக்கும். அதானே?"

"உப்பா? யார் சொன்னா?"

"உன் மாவு சொல்லுது. 'முதல்ல உப்பு, அப்புறம்தான் தண்ணி'ன்னு பதினெட்டு வயசுலேர்ந்து மந்திரம் மாதிரி சொல்றவன் நீ. கல்யாணத் தேதியை மறந்தாலும் மறப்பே, மாவுக்கு உப்பு மறக்க மாட்டே. இன்னிக்கு மாவுல ஒரு கல்லு உப்பு இல்லை. கறியை ருசியே பார்க்காதவனுக்கு ரொட்டியில உப்பைக் குறைக்கணும்னு எப்படித் தோணுச்சு? குளிச்சிட்டு வந்தே, வாயில வெச்சே, கரிச்சுது. ரொட்டியால சரிக்கட்டலாம்னு பார்த்தே. அப்புறம் தைரியம் போயிடுச்சு. வாய் திருட்டுன்னு கத்துது. கை ஆறு மணிக்கே உண்மையைச் சொல்லிடுச்சு."

தம்பி தரையில் உட்கார்ந்துவிட்டான். "மேனேஜர் சொன்னது சரிதான்க்கா. நாக்கு செத்துப்போச்சு. நான் அளந்துதான் போட்டேன். ஆனா..."

"நாக்கு செத்திருந்தா கரிச்சது எப்படிடா தெரிஞ்சுது?" தராசு திரும்பினாள். "இப்ப பாக்கி மூணு குற்றவாளி. மூணு கரண்டி, இறங்கிப்போன சாடி. யாரு முதல்ல?"

அப்பா தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு. பாவம், பையனாச்சேன்னு ஒரு கை..."

"நீங்களுமா!" அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "நானும் ஒரு கை போட்டேனே!"

"அரைத் தேக்கரண்டி," என்றாள் மருமகள், சுவரைப் பார்த்து. "வேகும்போது சப்புன்னுதான் இருந்துச்சு."

"தண்ணி சுண்டினா உப்பு ஏறும்னு சமையல்காரனுக்குத் தெரியும். உதவி பண்றவங்களுக்குத் தெரியாது. எங்கேடா வெச்சே?"

"கட்டிலுக்கு அடியில. சூட்டுப்பெட்டியில, கம்பளி சுத்தி," என்றான் தம்பி. அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல். "கொட்ட மனசு வரலை."

"கொட்டாத சரக்கு நஷ்டமில்லை. எழுந்திரு! மணி ஏழு!"

அதன்பின் அந்த அடுப்படியில் நடந்தது சந்தை நாள் வியாபாரம். குக்கரில் உப்பில்லாமல் உருளைக்கிழங்கு ஏறியது. மூன்றாம் விசிலுக்குள் அப்பா நாலு முறை மூடியைத் திறக்கப் பார்த்தார். மருமகள் முட்டைக்கோஸை மயிரிழையாக அரிந்தாள். தம்பி உருண்டை பிடித்து, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே வைத்துத் தட்டால் அழுத்த, அம்மா கல்லில் போட்டுப் புரட்டினாள். மசித்த கிழங்கு கறியோடு கலந்தது. தம்பி வாயில் வைத்தான். கண்ணை மூடினான்.

"இன்னும் நாலு கிழங்கு!"

ஏழு முப்பத்திரண்டு. அழைப்பு மணி.

அம்மாள் உட்கார்ந்தார். ரொட்டியை மடித்தார். கடித்தார். ஐந்து பேரும் அவர் தாடையையே பார்த்தார்கள். இரண்டாவது. மூன்றாவது. அப்புறம் மேசை மேல் எதையோ தேடினார்.

"உப்புச் சாடி எங்கே?"

தம்பியின் முகம் வெளுத்தது. சாடி தராசின் கைப்பையில், சாட்சிப் பொருளாகப் பூட்டிக் கிடந்தது.

"மேசையில வைக்கிற வழக்கமில்லைம்மா," என்றாள் தராசு, பொய் சாட்சி சொல்கிறவர்களிடம் கற்றுக்கொண்ட முகத்தோடு.

"இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வீட்டுல சாப்பிட்டேன். ரெண்டு பேரும் சாடியை முன்னாடியே தள்ளி வெச்சாங்க. தன் கையை நம்பாதவன்தான் உப்பை மேசையில வைப்பான்." அம்மாள் விரலைத் துடைத்துக்கொண்டு, கடைச் சாவியைத் தம்பியின் தட்டருகே வைத்தார். "நீ நம்புறே. அது போதும். இன்னொரு ரொட்டி போடு."

அப்பா உற்சாகத்தில் அடுப்படிப் பக்கம் எழுந்தார்.

"அப்பா," என்றாள் தராசு. "உட்காருங்க."