பின்சீட்டுத் தட்டல்

டிரைவர் சீட் மறுபடியும் பின்னால் போயிருந்தது.

மெலுசி குள்ளமானவன். கிளட்சை அடிவரை மிதிக்க வேண்டுமானால் சீட்டை முடிந்த மட்டும் முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். மதியம் அப்படித்தான் இழுத்து வைத்துவிட்டு, தெருமுனைக்குப் போய் ஒரு கோட்டா வாங்கி, ரொட்டிக்குள் திணித்த உருளை வறுவல் சட்டையெல்லாம் சிந்தத் தின்றபடி திரும்பினான். வந்து பார்த்தால் சீட், நெட்டையன் ஒருவன் காலை நீட்டி உட்காரும் தூரத்துக்குத் தள்ளிக் கிடந்தது. சீட்டைப் பிடித்து நிறுத்தும் பல் தேய்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். முப்பத்தைந்து வயது வண்டி. மீட்டர் நான்கு லட்சம் கிலோமீட்டரில் செத்துப்போனது, அதற்குப் பிறகு ஓடியது கணக்கிலேயே இல்லை. அதில் தேயாதது என்ன இருக்கிறது?

கட்லெஹோங் ஊரில் அந்த வண்டிக்கு குஷேஷே என்று பெயர். சுழற்றாட்டத்துக்கென்றே பிறந்த வண்டி. பின்சக்கரங்கள் புகையைக் கக்க அது பம்பரமாகச் சுற்றும்போது, ஓட்டுகிறவன் கதவைத் திறந்து இறங்கி, ஆளில்லாமல் சுற்றும் வண்டியைச் சுற்றி நடந்துவிட்டு மறுபடி ஏறிக்கொள்வான். இடது ஜன்னலில் துணையாள் இடுப்புவரை வெளியே சரிந்து, தலைமுடி தரையைத் தொடும்படி தொங்குவாள். உள்ளங்கையால் தகரத்தைத் தட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நிறுத்து.

வண்டி ஃபானியுடையது. நெட்டையன், வாயாடி, மெலுசியின் உயிர்ச் சிநேகிதன். போன வருடம் மைதானத்தில் இறங்கி நடந்தபோது வழுக்கி, இடது பின்சக்கரத்துக்கு அடியில் போனான். தட்டினான். பாட்டுச் சத்தத்திலும் விசிலிலும் அது பலர் காதில் விழவில்லை. காதில் விழுந்தவர்களும் அதை ஒரு வித்தை என்று நினைத்துக் கை தட்டினார்கள். மெலுசி பாய்ந்து சாவியைத் திருகுவதற்குள் நெஞ்சு பிளந்து எல்லாம் முடிந்திருந்தது. ஒரு கை மட்டும் சேதமில்லாமல், விரல்களை விரித்தபடி, தகரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒரு வருடம் முடிந்து, நாளை அவன் கல்லறைக் கல்லைத் திரை விலக்கித் திறக்கிறார்கள். அவன் அம்மா மா-துபே கேட்டது ஒன்றே ஒன்று. "அவன் வண்டிச் சத்தம் அவனுக்கு ஒரு தடவ கேக்கட்டும்பா." ஓட்டப்போவது மெலுசி. இடது ஜன்னலில் தொங்கப்போவது மெலுசியின் மனைவி ஸோத்வா. ஊரிலேயே அவளைப்போல் தலை தரையில் உரசத் தொங்க ஆளில்லை. ஒரு போல்ட் கழன்றால் அந்தத் தலை மிஞ்சாது. இந்த வாரம் முழுக்க மெலுசிக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

ஏனென்றால் வண்டியில் ஒரு சத்தம். இடது பின்பக்கம், பின்சீட்டுக்கு அடியிலிருந்து. முற்றத்துக்குள் ஓட்டி இடப்பக்கம் திருப்பினால் தட். இன்னும் திருப்பினால் தட், தட். ஷாக் அப்சார்பரின் மேல் ரப்பரை மாற்றினான். அச்சின் புஷ்களை மாற்றினான். டிபரென்ஷியலைத் தாங்கும் ரப்பரை மாற்றினான். சைலன்சரைக் கம்பி போட்டு இறுக்கினான். டிக்கியிலிருந்து ஜாக்கி, ஸ்டெப்னி, ஃபானி விட்டுப்போன பழைய செருப்பு வரை வெளியே எடுத்துப் போட்டான். சத்தம் போகவில்லை. தேய்ந்த ரப்பரின் சத்தம் அவனுக்குத் தெரியும், தளர்ந்த போல்ட்டின் சத்தமும் தெரியும். இது இரண்டும் இல்லை. இரும்பின் மேல் மெத்தென்ற ஏதோ படுகிற சத்தம்.

"இன்னும் அதையே நோண்டிட்டிருக்கியா?" ஸோத்வா வாசலில் நின்றாள். "என்னைக்கூட நீ இப்படித் தொட்டுத் தொட்டுப் பாத்ததில்ல."

"சத்தம் போகல ஸோத்வா. நாளைக்கு நீ தொங்க வேணாம்."

"கிழட்டு வண்டின்னா சத்தம் வரத்தான் செய்யும். உங்கப்பாவுக்கும்தான் முட்டி சத்தம் போடுது. அவரையும் கழட்டிப் பாப்பியா?" சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

குளிர்காலப் பொழுது சீக்கிரமே சாய்ந்தது. தெருவெங்கும் தகர டின்களில் நிலக்கரி மூட்டியிருந்தார்கள். புகை கூரைகளுக்கு மேலே எழ முடியாமல் தாழ்ந்து தவழ்ந்து, சுவரைத் தாண்டி முற்றத்துக்குள் வந்து, வண்டியின் சக்கரங்களைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. மெலுசி பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றுவதற்காகச் சுவரோரப் பெட்டியின் மேல் வைத்தான். ஒயரைச் செருகிய கையோடு மின்வெட்டு வந்தது. தெருவிலிருந்த வானொலிகள் ஒன்றாக அடங்கின. எங்கோ ஒரு நாய் குரைத்துப் பாதியில் நிறுத்திக்கொண்டது. ஆறிய என்ஜின் எண்ணெயின் வாசனையோடு இன்னொரு வாசனையும் வந்தது. கருகிய டயர். ஒரு வாரமாக அந்த டயர்கள் முற்றத்தை விட்டு நகரவேயில்லை.

தட்.

வண்டி நின்றுகொண்டிருந்தது. பேட்டரி வெளியே இருந்தது.

தட். தட்.

அது உள்ளங்கை என்று அவன் உடம்புக்கு முதலில் தெரிந்தது, புத்திக்குப் பிறகுதான். ஓடிவிடலாம் என்றிருந்தது. ஆனால் நாளை அவள் தொங்குவாள். வேண்டாம் என்றால் கேட்கிற ஆளா அவள்? வெளிச்சம் போட்ட கைபேசியைப் பல்லில் கவ்விக்கொண்டு, பின்கதவு வழியாகச் சாய்ந்து, பின்சீட்டின் மெத்தையைப் பிடித்து ஒரே இழுப்பாகப் பெயர்த்தான்.

விரலில் சுருக்கென்று குத்தியது. அடியில் ஒரு காட்டிலந்தைக் கிளை கிடந்தது. நேர்முள் ஒன்று, கொக்கிமுள் ஒன்று என்று ஜோடி ஜோடியாக முட்கள். வெட்டிய முனை காய்ந்து கறுத்திருந்தது, வெட்டி ஒரு வருடம் ஆகியிருக்கும். இலை ஒன்றுகூட வாடவில்லை.

அது என்ன கிளை என்று அவனுக்குத் தெரியும், ஊர் வழக்கம். செத்த இடத்துக்கு இலந்தைக் கிளையோடு போய், செத்தவன் பெயரைச் சொல்லி அழைத்து, அதில் அவன் ஆவியை ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வருவார்கள். கிளையைப் பிடித்தவன் வழியில் செத்தவனோடு மட்டும்தான் பேசலாம். ஏறு என்றால் ஏறுவான், இறங்கு என்றால் இறங்குவான். உயிருள்ள ஒருவரிடம் ஒரு வார்த்தை பேசினாலும் போயிற்று. ஃபானியைக் கூட்டி வந்ததும் இந்த வண்டியில்தான். ஓட்டியவன் மெலுசி. பின்சீட்டில் கிளையோடு ஃபானியின் தாய்மாமன் எசேக்கியா. பாதி வழியில் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. மாமா கோபத்தில் கத்தினார், "வண்டியாடா இது, எருமை!" மெலுசிக்கு இப்போது நன்றாக நினைவு வந்தது. மாமா கத்தினார்.

போன் போட்டான்.

"மாமா, பின்சீட்டுக்கு அடியில கிளை கிடக்கு."

எசேக்கியா ரகசியக் குரலில் சொன்னார். "நான்தான் வாயத் தொறந்துட்டேனேடா. அது கெட்டுப்போச்சு. அங்கேயே சொருகிட்டு டாக்சி பிடிச்சேன். சர்ச்சு மூலையில வேற ஒண்ணு ஒடிச்சுக்கிட்டேன். யாருக்குத் தெரியப்போகுதுன்னு நெனச்சேன்."

"அப்ப மா-துபே வீட்டுக்கு நாம யாரைக் கூட்டிட்டு வந்தோம்?"

"யாரையும் இல்லடா." கிழவர் அவசரமாகத் தொடர்ந்தார். "எறங்குன்னு அவன்கிட்ட யாரும் சொல்லல. அவனப் பொறுத்தவரைக்கும் வண்டி இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. கேளு, கிளைய எடு. பேரச் சொல்லி எறங்கச் சொல்லு. நடந்தே கூட்டிட்டு வா. அவன்கிட்ட மட்டும் பேசு. வேற யார்கிட்டயும் மூச்சு விட்டுடாத, மெலுசி. யாரா இருந்தாலும்."

மெலுசி கிளையை எடுத்தான். முட்கள் உள்ளங்கையில் இறங்கின. விடவில்லை.

"ஃபானி, மச்சான். ஆட்டம் முடிஞ்சிருச்சு. எறங்கு. அம்மா காத்துட்டிருக்காங்க, வீட்டுக்குப் போலாம்."

தட்டல் நின்றது. டிரைவர் பக்கக் கதவு மெல்லத் திறந்துகொண்டது. புகை விலகி வழி விட்டதுபோல் இருந்தது. மெலுசிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. பயத்தினால் அல்ல, ஆறுதலால். திரும்பிப் பார்க்காமல் நடந்தான். "இது வாசல், மச்சான். இப்ப தெருவுக்கு வந்துட்டோம். பள்ளம் இருக்கு, பாத்து வா."

பின்னால் என்ஜின் உறுமியது.

"ஆகா! கெளப்பிட்டியே!" ஸோத்வாவின் குரல். "ஏய், எங்க போற? கையில என்ன குச்சி? வாயில கொழுக்கட்டையா, பதில் சொல்லேன்!"

அவன் நின்றான். மாமாவின் குரல் காதில் இருந்தது. யாரா இருந்தாலும். வேண்டாம், கிட்டே போகாதே என்று கையை ஆட்டினான். இருட்டில் அவள் அதை வா என்று எடுத்துக்கொண்டாளோ, போ என்று எடுத்துக்கொண்டாளோ. ஃபானி தன்னோடு வந்துவிட்டான் என்று மெலுசி நம்பினான். அப்படியானால் அது வெறும் வண்டி. வெறும் வண்டியால் என்ன செய்ய முடியும்?

"சரி போ, நான் தொங்கிப் பாக்கறேன்." இடது ஜன்னலில் ஏறி உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவன் கைபேசி வெளிச்சத்தில் சுவரோரம் பார்த்தான். பெட்டியின் மேல் பேட்டரி. ஒயர் செருகியபடி.

டிரைவர் சீட்டைப் பார்த்தான். பின்னால் தள்ளியிருந்தது. சீட் பெல்ட் மாட்டியிருந்தது. அது ஏறி இறங்கியது. மூச்சு விடுகிற நெஞ்சுக்கு மேல் ஏறி இறங்குவதுபோல்.

"ஸோத்வா! எறங்கு!"

வாயைத் திறந்துவிட்டான்.

கையிலிருந்த கிளை ஒரே நொடியில் கருகிச் சருகானது. வண்டி சுவரை இடித்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. சுழன்றது. டயர் அலறியது. அக்கம்பக்கத்து வாசல்கள் திறந்தன. "ஃபானியோட குஷேஷே!" யாரோ கத்தினார்கள். விசில்கள். கைபேசி வெளிச்சங்கள். "மெலுசிடா, சுத்துடா!"

மெலுசி ஓடினான். திறந்த கதவைப் பிடித்தான். அது வீசி அவன் முழங்கையை ஒடித்தது. எலும்பு சட்டையைக் கிழித்து வெளியே வந்தது. மற்றொரு கையை உள்ளே விட்டுச் சாவியைத் தேடினான். ஈரமான தொடை ஒன்று விரலில் பட்டது. கையை இழுத்துக்கொண்டான். பின்சக்கரம் அவன் காலின் மேல் ஏறியது. கேட்டது. எலும்பு நொறுங்கும் சத்தம். விழுந்தான்.

"நிறுத்துங்கடா! உள்ள யாருமில்ல! யாருமில்ல!"

விசில்தான் பதிலாக வந்தது.

ஸோத்வா தொங்கினாள். தலைமுடி தரையில். பிறகு தலையும். உள்ளங்கையால் தகரத்தைத் தட்டினாள். தட். தட். தட். கூட்டம் தாளத்துக்குக் கை தட்டியது. எதிர்வீட்டுச் சுவர் வந்தது. வண்டி நெருங்கிச் சுழன்றது. அவள் முகம் சுவர் நெடுக உரசிப் போனது. செங்கல்லில் நீளமாக ஈரம். திரும்பி வந்தபோது அது முகமாக இல்லை.

புகை மூடியது. அவள் கழுத்து, துணிபோல், சுற்றுக்கேற்ப ஆடியது.

கை மட்டும் தட்டிக்கொண்டேயிருந்தது. இடது ஜன்னலிலிருந்து. பின்சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு கை, அதே தாளத்தில்.

கூட்டம் இன்னும் ஒரு சுற்று கேட்டது.