பின்னறைக்குப் போகும் லைன்

பைக்கை நிறுத்தும்போதே அந்த வீட்டைப் பார்த்து மெக்கானிக்குக்கு இளக்காரம் வந்துவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்த மத்தியானம். தெருவில் எல்லா வீட்டிலும் விளக்கு பளிச்சென்று எரிய, இங்கே மட்டும் டியூப்லைட் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்காரர் வாசலிலேயே ஆரம்பித்தார். "மெயின்ல கரண்ட் இருக்குப்பா. ஆனா இந்த இன்வெர்ட்டர் சனியன் அதை விட்டுட்டு பேட்டரிக்குத் தாவுது. ரெண்டு பேர் வந்து பார்த்தாச்சு. ஒருத்தன் பேட்டரிய மாத்தினான், ஒருத்தன் உள்ள இருக்கிற சர்க்யூட் கார்ட மாத்தினான்."

"அவங்களையெல்லாம் மெக்கானிக்னு சொல்லாதீங்க சார். ஸ்க்ரூடிரைவர் வாங்கினவனெல்லாம் மெக்கானிக்கா?"

கூடத்துக் கட்டிலில் வீட்டுக்காரரின் மனைவி படுத்திருந்தார். மூக்கில் குழாய், பக்கத்தில் இரைந்துகொண்டிருக்கும் ஆக்சிஜன் மெஷின். பேட்டரி தீர்ந்தால் மெஷின் நிற்கும், மெஷின் நின்றால் அந்த அம்மாவின் மூச்சு நிற்கும். இதை வீட்டுக்காரர் கடைசியாகத்தான் சொன்னார். அவசரத்துக்கு ஒரு சிலிண்டர்கூட வாங்கி வைக்கவில்லை. இடத்தை அடைக்குமாம்.

நல்ல மனுஷன்தான் என்று மெக்கானிக் மனசுக்குள் திட்டிக்கொண்டான்.

மெயின் கரண்ட் ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் இன்வெர்ட்டர் அதை நம்பாது, உதறிவிடும். ஆகவே முதலில் அந்த அளவைத் தளர்த்தினான். ஸ்க்ரூக்களை முறுக்கினான். ஃபியூஸ் சரி, எர்த் சரி, ரிலே புதுசு. மீட்டரில் இருநூற்று முப்பது வோல்ட் நின்றது.

'டக்.'

இன்வெர்ட்டர் மெயினை உதறியது. மீட்டரில் நூற்று ஐம்பது. பிறகு மெல்ல ஏறியது. பிறகு மறுபடி இறங்கியது.

"எவனோ பக்கத்துல வெல்டிங் போடுறான்," என்றான் மெக்கானிக். போர்டில் இருந்த சுவிட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினான். எந்த லைனை நிறுத்தினால் இறக்கம் நிற்கிறதோ, அதில்தான் கோளாறு. இந்தச் சின்ன வேலையைக்கூட முன்னால் வந்தவர்கள் செய்யவில்லை. எதை நிறுத்தியும் இறக்கம் நிற்கவில்லை. அப்போதுதான் போர்டின் ஓரத்தில் தூசி படிந்த ஒரு கம்பி கண்ணில் பட்டது. கம்பியைக் கவ்விப் பிடித்து ஓடும் கரண்டைக் காட்டும் மீட்டரை அதில் மாட்டினான்.

இரண்டு. நான்கு. ஏழு. அங்கே ஒரு நொடி நின்றது. பிறகு ஐந்து, மூன்று, ஒன்று.

மறுபடி இரண்டு. நான்கு. ஏழு.

"இது எங்க போகுது சார்?"

"பின்னறைக்கு. அது செத்த லைன், விடு. நானே வெட்டிப்போட்டேன்."

மெக்கானிக்குக்குச் சிரிப்பு வந்தது. வெட்டின லைனில் ஏழு ஆம்பியராம்! கம்பியைப் போர்டிலிருந்தே கழற்றி, காற்றில் தொங்கவிட்டான்.

நான்கு. ஏழு.

கம்பி போன வழியைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்கு நடந்தான்.

பின்னறையைத் திறந்தபோது டெட்டால் வாடையும், அடைத்துக் கிடந்த துணி வாடையும் முகத்தில் மோதின. மெத்தையில்லாத இரும்புக் கட்டில். தலைமாட்டில் ஒரு பிளக் பாயின்ட். அதற்குச் சற்று மேலே கம்பி வெட்டப்பட்டு, இரண்டு முனைகளும் தொங்கின. அறையில் வேறு எதுவும் இல்லை.

ஆனால் யாரோ மூச்சு இழுத்தார்கள்.

கூடத்தில், பேட்டரி தீர்கிறதென்று இன்வெர்ட்டர் அலறியது. ஓடி வந்தான். ஆக்சிஜன் மெஷினை நேராக மெயினில் செருகினான். இறங்கிப்போன கரண்டில் அது முக்கிவிட்டு அணைந்தது. அந்த அம்மாவின் உதடு நீலம் பூத்திருந்தது. அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"அக்காவோட அறை... அவளும் இதே மெஷின்லதான்... அவளுக்கும் குடுப்பா..."

"அந்தக் கம்பியில ஒட்டுப் போடாதே!" வீட்டுக்காரர் வழிமறித்தார். "செத்தவளுக்கு எதுக்குக் கரண்ட்?"

"எதுக்கு வெட்டினீங்க?"

வீட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "ராவெல்லாம் இரையும். தூக்கமே இல்ல. கொஞ்ச நேரம் நிறுத்தலாம்னுதான்..."

மெக்கானிக் அதுவரை ஆயிரம் பேரை மட்டமாகப் பார்த்திருக்கிறான். இந்த ஆளைப் பார்க்கத் தோதான ஒரு பார்வை அவனிடம் இல்லை. தோளால் இடித்துத் தள்ளிவிட்டுப் போனான். போர்டில் கம்பியை மாட்டி, பின்னறைக்கு ஓடி, மேலுறையைப் பிடித்து இரண்டு முனைகளையும் முறுக்கிச் சேர்த்தான். விரலில் குளிர்ந்த காற்று பட்டது.

மூக்குக்குப் பக்கத்தில் கையை வைத்தால் படுமே, அப்படி.

'டக்.'

இருநூற்று முப்பது. அசையாமல் நின்றது. கூடத்தில் மெஷின் உயிர் பெற்று இரைந்தது. அந்த அம்மா இழுத்து இழுத்து மூச்சு விட்டார். நெஞ்சு தணிந்ததும் கணவரிடம் கேட்டார்:

"அக்கா செத்த ராத்திரி ஊரே கரண்ட் இல்லாம கிடந்துச்சுன்னு சொன்னீங்களே?"

அதற்குள் பின்னறையிலும் ஒரு மெஷின் இரையத் தொடங்கியிருந்தது.

வெறும் கட்டில் கிடந்த அறையில்.

வீட்டுக்காரரின் கை மேசை மேலிருந்த கட்டிங் பிளேயரை நோக்கிப் போனது.

"வெட்டுங்க சார்," என்றான் மெக்கானிக் பையை மாட்டிக்கொண்டே. "வெட்டினா இவங்க மெஷினும் நிக்கும். எது வசதின்னு பார்த்துக்குங்க."

மறுநாள் காலை வீட்டுக்காரர் போன் செய்தார். குரல் பாதியாகியிருந்தது; பின்னால் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. "இன்வெர்ட்டர் நல்லா இருக்குப்பா. அந்தச் சத்தத்த மட்டும் கொஞ்சம் குறைக்க முடியுமா? காதைப் பொத்தினாலும் கேக்குது."

"அது என் வேலை இல்ல சார்," என்று சொல்லிவிட்டு மெக்கானிக் போனை வைத்தான். ஒரு வாய் டீ குடித்தான்.

இரைச்சல் நிற்கவில்லை.

போனை எடுத்துப் பார்த்தான். இணைப்பு எப்போதோ அறுந்திருந்தது. சத்தம் கருவிப் பையிலிருந்து வந்தது. பையைத் திறந்தான். எதையும் கவ்வாமல், அணைந்து கிடக்க வேண்டிய மீட்டரில் வெளிச்சம் இருந்தது.

இரண்டு. நான்கு. ஏழு.