சித்திர மண்டபத்தில் ஒரு பார்வை

வெள்ளாற்று நீரில் அந்திச் செம்மை கரைந்து, கீழ்வானில் முழுமதி எழுந்துகொண்டிருந்த வேளையில், அன்பு வாசகர்களே, நாமும் அந்தக் கரையோரச் சித்திர மண்டபத்துக்குள் நுழைவோம். போரில் வென்று அன்றுதான் திரும்பியிருந்த படைத்தலைவன் மழவன் கண்டன், அங்கே ஒரு சுவரின் முன் அசையாமல் நின்றிருந்தான்.

சுவரில் தீட்டியிருந்த முகம், அவனுக்கு மணம் பேசியிருந்த இளவரசி பாவை நங்கையின் முகமேதான். ஆனால் அக்கண்களில் ததும்பிய ஏக்கத்தை அவன் ஒருநாளும் கண்டதில்லை. அவனிடம் அவள் எப்போதும் தலைகுனிந்தே பேசுவாள்.

"ஓவியனே! இந்தப் பார்வையை எங்கே கண்டாய்?"

மூன்று திங்களுக்கு முன் வேலை கேட்டு வந்த அயலூரான் சாத்தன், சாரத்திலிருந்து இறங்கினான். "புருவத்தின் உள்முனையை மயிரிழை உயர்த்தி, கீழிமையில் சிறிது நிழலிட்டு, இதழ்களைச் சற்றே பிரித்தால் ஏக்கம் வந்துவிடும், தலைவரே."

"பொய்! யாரைப் பார்த்து இப்படி நின்றாள்? சொல், இல்லையேல் உன் தலை உருளும்!"

"தங்களைப் பார்த்துத்தான்" என்றது வாயிலில் ஒரு குரல். பாவை நங்கை நின்றிருந்தாள். "தாங்கள் போருக்குப் புறப்பட்ட அன்று இந்தப் படியில்தான் நின்றேன். தாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை."

வாளைப் பற்றிய கண்டனின் கை தளர்ந்தது. சாத்தனோ கசப்போடு சிரித்தான்.

"நான் பார்த்தேன், தலைவரே. அந்தப் பார்வைக்கு உரியவன் நானாக இருக்கக் கூடாதா என்று வெந்துகொண்டேதான் தீட்டினேன். தங்கள் பொறாமைக்கு வயது ஒரு நாழிகை. என்னுடையதற்கு இரண்டு திங்கள்!"

இடையில் செருகியிருந்த ஓலைச் சுருளை இளவரசியின் காலடியில் எறிந்தான். "தங்கள் கோட்டையின் சுரங்க வழிகள் இதில் இருக்கின்றன, தேவி. இவற்றை வரைந்து செல்லவே வந்தேன். தங்களுக்குத் தீங்கிழைக்க மனம் வரவில்லை. நான் சாத்தன் அல்லன். தங்கள் தந்தையின் பகைவர் ஆனைக்குன்றத்து வேளின் மகன், வெயினன்!"

மறுகணம் சாளரத்தின் வழியே ஆற்றில் பாய்ந்தான்.

கண்டன் தோளிலிருந்த வில்லை எடுத்து நாணேற்றினான். நிலவொளியில் நீந்தும் தலை தெளிவாகத் தெரிந்தது, குறி தப்பாது.

"எய்யாதீர்கள்!" நங்கை அலறி அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.

பகைவர் அம்பு எதுவும் அந்தக் குரலின் நடுக்கத்தைப் போல் அவனைத் தைத்ததில்லை. வில்லை மெல்லத் தாழ்த்தினான்.

"தங்கள் சொல்லுக்காக இன்று விடுகிறேன், தேவி. ஆனால் அவனைக் களத்தில் நேருக்கு நேர் காணும்வரை நமக்கு மணநாள் குறிக்க வேண்டாம். இந்த வாளின் மீது ஆணை!"