தொண்ணூற்றொன்பதுக்கு அடங்காத எண்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. தொலைந்துபோன குப்பியை ஓர் எண்ணே காட்டிக்கொடுத்த கதையைச் சொல்கிறேன்.

துப்பறிவாளரை எல்லோரும் 'நிதானம்' என்பார்கள். கூடவே திரியும் அவர் மைத்துனருக்கு 'அவசரம்' என்று பெயர். ஒரு காலையில் ஆய்வகப் பணிப்பெண் மூச்சிரைக்க வந்தாள்.

"ஐயா, ஒரு குழந்தைக்கு முதுகுத்தண்டுல ஊசி போட்டு எடுத்த நீர். அந்தக் குப்பியைக் காணோம். மத்தியானத்துக்குள்ள கிடைக்கலேன்னா பிள்ளைக்குத் திரும்பவும் ஊசி. எனக்கு வேலை போயிடும்."

"எவனோ திருடிட்டான்!" என்றார் அவசரம்.

"உன் மூளையையும் அவன்தான் தூக்கிட்டுப் போனானா, மாப்ளே? பொறு."

ஆய்வகக் குளிர்பெட்டியில் பத்து வரிசை. வரிசைக்குப் பத்து இழுப்பறை. ஒவ்வொன்றிலும் குப்பிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. குப்பியில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எல்லாவற்றையும் திறந்து தேடினால் மற்ற மாதிரிகள் கெட்டுவிடும். எண்ணின் கடைசி இலக்கம் வரிசையைச் சொல்லும். அதற்கு முந்தையது இழுப்பறையை.

பதிவேட்டில் இருந்த எண் 48364227. நான்கு கோடியே எண்பத்து மூன்று லட்சத்துச் சொச்சம். ஏழாம் வரிசை, இரண்டாம் இழுப்பறையில் அது இல்லை.

"இந்த எண்ணெல்லாம் எப்படி வருது?"

"மெஷின் அடிக்குது, ஐயா. எல்லாமே தொண்ணூத்தொம்பதால மீதியில்லாம வகுபடும்."

"பதிவேட்டுல யார் எழுதறது?"

"குளிர்பெட்டிகிட்ட நின்னு நான் சொல்லுவேன், எழுத்தர் எழுதுவார். கடைசி ரெண்டு இலக்கத்தை மட்டும் 'இத்தனையாம் வரிசை, இத்தனையாம் இழுப்பறை'ன்னு வைக்கிற இடமாவே சொல்லிடுவேன். இந்தக் குப்பி வந்த அன்னிக்கு அவர் லீவு. மாற்றாள்தான் இருந்தார். அன்னிக்கு வந்ததும் இது ஒண்ணுதான்."

நிதானம் எண்ணை இரண்டிரண்டாக வெட்டினார்: 48, 36, 42, 27.

"கூட்டு, மாப்ளே."

"நூத்தம்பத்தி மூணு."

"சரியான எண்ணா இருந்தா தொண்ணூத்தொம்பதோட மடங்கு வரணும். நூத்தித் தொண்ணூத்தெட்டுக்கு நாப்பத்தஞ்சு குறையுதே! இப்போ எட்டு இலக்கத்தையும் தனித்தனியாக் கூட்டு."

"முப்பத்தாறு."

"ஒன்பதால வகுபடுது. ஒரு இலக்கம் தப்பாயிருந்தா அநேகமா வகுபடாது. அப்போ இலக்கமெல்லாம் சரி, இடம்தான் மாறியிருக்கு. எந்த ஜோடியைத் திருப்பிப் போட்டா நாப்பத்தஞ்சு கூடும்?"

அவசரம் விரல் மடக்கினார். "நாப்பத்தெட்டைத் திருப்பினா முப்பத்தாறுதான் கூடும். முப்பத்தாறைத் திருப்பினா இருபத்தேழு. நாப்பத்திரண்டு குறையவே செய்யும். இருபத்தேழு... எழுபத்திரண்டு! அதேதான்!"

நிதானம் எழுத்தரையும் மாற்றாளையும் தலைமை மருத்துவரையும் அழைத்தார்.

"இந்தம்மா 'ரெண்டாம் வரிசை, ஏழாம் இழுப்பறை'ன்னு சொன்னாங்க. பழகின எழுத்தர் அதைத் திருப்பி எழுபத்திரண்டுன்னு எழுதுவார். நீங்க கேட்டபடியே ரெண்டு, ஏழுன்னு எழுதிட்டீங்க. அப்படித்தானே?"

மாற்றாள் முகம் வெளிறியது. "திருப்பணும்னு யாரும் சொல்லலையே, சார்."

"எனக்கே அது மறந்துபோச்சு. கை தானா எழுதிடும்," என்று எழுத்தர் தலையைச் சொறிந்தார்.

பணிப்பெண் இரண்டாம் வரிசையின் ஏழாம் இழுப்பறையை இழுத்து, ஒரு குப்பியின் பனியைப் புடவைத் தலைப்பால் துடைத்தாள். 48364272.

மருத்துவர் அப்போதே தொலைபேசியை எடுத்தார். "குழந்தைக்கு ஊசி வேண்டாம். குப்பி கிடைச்சிடுச்சு." பிறகு பணிப்பெண்ணைப் பார்த்தார். "நீங்க போய் ஒரு வாய் சாப்பிட்டு வந்து வேலையைப் பாருங்கம்மா."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

உங்கள் வீட்டிலும் தொலைந்தது எதுவானாலும் கெடாமல் கைக்கு வந்து சேரட்டும். உங்கள் பிள்ளைகளுக்கு ஊசி குத்தும் வேளையே வராமல் போகட்டும், கண்ணுகளா.