பெருவிரல் வலி

முதலில் காலைத்தான் கவனித்தார். கடலூர் முன்சீப் கோர்ட்டு வாசலில், பழைய கேஸ் கட்டுகளின் தூசு நாற்றமும் கடலிலிருந்து வரும் உப்புக்காற்றும் கலந்து வீசுகிற தாழ்வாரத்தில், சிவப்புப் பட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சாட்சியின் பேரை மூன்று தரம் கூவிவிட்டு டவாலி தாண்டவராயன் குனிந்து பார்த்தபோது அவர் பாதங்கள் இரண்டும் ஒட்டி நின்றன. குதிகாலோடு குதிகால், பெருவிரலோடு பெருவிரல். முப்பது வருஷமாகக் காலை அகட்டி நின்று கூவுகிறவர் அவர். பிரித்து வைத்தார். அடுத்த பேரைக் கூவி முடிப்பதற்குள் மறுபடி சேர்ந்துகொண்டன. இரண்டு பெருவிரல்களின் அடியிலும் வலி. குத்துகிற வலி இல்லை. துணியைக் கிழித்து, முறுக்கி, சுற்றி இறுக்கினால் எப்படி இருக்கும், அப்படி.

"இன்னா தாண்டவராயா, போலீசுல சேந்துட்டியா? அட்டென்ஷன்ல நிக்கிற?" என்றார் குமாஸ்தா சுப்பராயலு.

"செருப்பு கடிக்குதுங்க."

காலில் செருப்பு இல்லை. சுப்பராயலு அதைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே போனார்.

பொய் சொல்வது அவருக்குப் பழகிவிட்டது. ஆறு மாசத்துக்கு முன் மெட்ராசில் ஆஸ்பத்திரியில் கிடந்ததைக் குடலிறக்கம் என்றுதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். வந்தது இடுப்புப் புண். வேட்டியும் அரைஞாண் கயிறும் நாற்பது வருஷம் இறுக்கின இடத்தில் தோல் கறுத்து, தடித்து, வெடித்து, ஆறாமல் நீர் வடிந்தது. தோலில் புற்று என்றார்கள். அறுத்தார்கள். புற்றைக் கருக்கக் கரண்டு வைத்தார்கள். புற்று என்று வாயைத் திறந்து சொன்னால் தெருவில் எவன் அவர் வீட்டுத் தண்ணீரை வாங்கிக் குடிப்பான்?

அதையும்விட வெட்கம் ஒன்று உண்டு. அறுப்பதற்கு முன்னால் ஒரு நர்ஸு, மகள் வயசு இருக்கும், வேட்டியை விலக்கி, கத்தரிக்கோலால் அரைஞாண் கயிற்றை நறுக்கென்று வெட்டிக் கூடையில் போட்டாள். ஆம்பிளைக்கு அந்தக் கயிற்றை அறுப்பது மூச்சு நின்ற பிறகுதான். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாமல் இருக்குமா? அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தழும்பு தாங்காததால் பிறகு வேறு கயிறும் கட்டவில்லை. பெண்டாட்டி பட்டம்மாளுக்குக்கூட அது தெரியாது. கதவைச் சாத்திக்கொண்டுதான் வேட்டி மாற்றுவார்.

"புதுசா எங்க வலிச்சாலும் உடனே வந்து காட்டணும்" என்று அங்கே சொல்லி அனுப்பியிருந்தார்கள். என்னவென்று போய்க் காட்டுவது? கால் விரல் என்றா? சிரிப்பார்கள். சிரிக்காமல் மறுபடியும் வேட்டியை அவிழ்க்கச் சொன்னால்? இப்படியே பத்து நாள் போயிற்று. அந்தப் பாழும் நோய் எலும்பு வழியாகக் காலுக்கு இறங்கிவிட்டதோ என்று உட்காரும்போதெல்லாம் விரலைத் தடவிப் பார்த்தார். வீக்கம் இல்லை. சுற்றிலும் ஒரு பள்ளம் மட்டும் பதிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஓட்டுச் சந்து வழியாக விழுந்த வெயில் முகத்தில் சுட, தூக்கத்திலிருந்து விழித்தார். பட்டம்மாள் முறத்தோடு எதிரில் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரக் கும்புட்டுக்கினு தூங்குறீங்க? சாமியவா, ஜட்ஜயாவா?"

கைகள் இரண்டும் நெஞ்சின் மேல் இருந்தன. கட்டைவிரல்கள் சேர்ந்திருந்தன. பிரிக்கப் பார்த்தார். வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தபோது விட்டன. இரண்டிலும் வெள்ளை வெளேரென்று ஒரு தடம்.

"மரத்துப்போச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் நாலாவது வீட்டில் தபால்காரர் நடனசபாபதி செத்துப்போனார். கூடத்தில் ஊதுவத்திப் புகையும் வியர்வையும் பெண்களின் அழுகையும் அடைத்துக்கொண்டு நின்றன. பட்டம்மாளின் தம்பி பக்கிரிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தான். வேட்டியின் ஓரத்தைப் பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தான். அந்தச் சத்தம் தாண்டவராயனின் பல்வரைக்கும் கூசியது.

"மாமா, சும்மா வேடிக்க பாக்குறீங்களே, காலச் சேத்துப் புடிங்க."

பிடித்தார். பிணத்தின் அரைஞாண் கயிற்றை ஏற்கெனவே அறுத்துப் போட்டிருந்தார்கள். பக்கிரி கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினான். பிறகு கைக் கட்டைவிரல்களை. பிறகு தாடையைத் தூக்கி, துணியைச் சுற்றி, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டான்.

கயிறு. கால். கை.

அடுத்தது வாய்.

"இன்னா மாமா, இப்பிடி வேர்க்குது?"

"புழுக்கம்டா."

சொல்லியிருக்கலாம். யாரோ என்னை வரிசைப்படி கட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று எந்த வாயால் சொல்வது? கயிற்றை யார் அறுத்தது என்பான் பக்கிரி. எதற்கு அறுத்தது என்பான். புற்று வெளியே வரும். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் கோர்ட்டில் பழனிவேல் என்று ஒரு சாட்சியைக் கூப்பிடவேண்டியிருந்தது. ஒரு தரம் கூவினார். இரண்டாம் தரம் கூவினார். மூன்றாம் தரத்துக்கு வாய் திறக்கவில்லை. முகவாய்க்கு அடியிலிருந்து காதோரமாக எதுவோ ஏறி உச்சியில் இறுகியது. வக்கீல்கள் திரும்பினார்கள். ஜட்ஜு தலையைத் தூக்கிப் பார்த்தார். கூட்டத்திலிருந்து ஒரு ஆள் தயங்கித் தயங்கி வந்து, "நான்தாங்க பழனிவேலு, இங்கதாங்க இருக்கேன்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டுச் சிதம்பரத்துக்கு ரயிலேறினார். கடலூரில் டாக்டர் இல்லாமல் இல்லை. சிதம்பரத்தில்தான் டவாலியை எவனுக்கும் தெரியாது. மேலவீதியில், டிஞ்சர் வாடை அடிக்கிற ஒரு சின்ன ரூமில், இறுகின தாடை இன்னும் விடாததால் பல்லிடுக்கு வழியாகவே விஷயத்தைச் சொல்லி, சுவரைப் பார்த்துக்கொண்டு வேட்டியை அவிழ்த்தார். டாக்டர் தழும்பை அமுக்கினார். தொடையிடுக்கைத் தடவினார். முதுகெலும்பைத் தட்டினார்.

"தழும்பு நல்லா ஆறிடுச்சு. நெறி கட்டல. புத்து திரும்பி வந்த மாதிரி இல்ல பெரியவரே. உங்களுக்கு பயம்தான் ஜாஸ்தி."

டாக்டர்கள் சொல்வதை நம்புகிற ஆள் இல்லை அவர். ஆனால் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது தாடை லேசாயிற்று. வாயைத் திறந்தார், மூடினார். நன்றாக வந்தது. சற்று தூரம் போனதும் கை. ரயிலில் உட்கார்ந்ததும் கால். ஒவ்வொரு முடிச்சாக யாரோ பொறுமையாக அவிழ்ப்பது போல, ஒன்றன்பின் ஒன்றாக எல்லா வலியும் விட்டுவிட்டது. காலை அகலமாக நீட்டிக்கொண்டார். வேர்க்கடலைக்காரனிடம் பேரம் பேசினார். இந்த வயசில் இப்படியா பயப்படுவது என்று தனக்குள்ளேயே வெட்கப்பட்டார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தார். பட்டம்மாள் சோறு போட்டு மத்தி மீன் குழம்பு ஊற்றினாள். பசி. முதல் கவளத்தை வாயில் வைத்தார்.

பல்லில் ஏதோ தட்டியது.

உள்ளங்கையில் துப்பிப் பார்த்தார். அரிசி. வேகாத அரிசி. ஊறிய பச்சரிசி, ஐந்தாறு மணி. இந்த வீட்டில் பொங்குவது புழுங்கலரிசி.

அப்போதுதான் உறைத்தது. கட்டுகளை அவிழ்ப்பது சுடுகாட்டில். அவிழ்த்த பிறகு போடுவது வாய்க்கரிசி.

"இன்னாங்க, கல்லா?" பட்டம்மாளின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் நல்லா அரிச்சுத்தானே போட்டேன்."

இப்போதே சொல்லிவிடலாம். வேட்டியை விலக்கி எல்லாவற்றையும் காட்டிவிடலாம். கத்தலாம். அழலாம்.

"ஆமா. கல்லு."

கையை மூடிக்கொண்டார். வாயையும் மூடிக்கொண்டார். பட்டம்மாளின் கை கரண்டியில்தான் இருந்தது. வேறு விரல்கள், குளிர்ந்த விரல்கள், அவர் உதட்டைப் பிரித்தன. ஒரு பிடி விழுந்தது. முதுகுக்குப் பின்னால் காலடிகள். ஒருவர் விலக, அடுத்தவர். இன்னொரு பிடி. நாக்கு புதைந்தது.

"இன்னுங் கொஞ்சம் போடட்டா?" என்றாள் பட்டம்மாள்.

உப்பிய கன்னத்தோடு அவர் தலையை ஆட்டினார்.