மூடி வைத்த பாத்தி

"ஏம்மா... அது உப்புப் பாத்தி. தோண்டுறதுக்குச் சுடுகாடா?"

ஜெபசுதா நிமிர்ந்தாள். வரப்பில் ஒருவன், பாத்திக்காரன் இனிகோ. கண்ணில் நிலவெல்லாம் இல்லை. உப்பளத்து வெயிலில் சிவந்த கண்... கோபமாக இருந்தது.

"ஒரு கரண்டி மண்ணுதானே?"

"மிதிச்சு மிதிச்சு இறுக்கின தரை. துளை விழுந்தா தண்ணி இறங்கிரும். அப்புறம் உப்பு எங்கன விளையும்?"

தப்பு அவளுடையதுதான். ஆனால் நாசரேத்து வாத்தியார் மகள், ஆராய்ச்சி மாணவி... ஒத்துக்கொள்வாளா?

"இந்த மண்ணுல இருக்கதோட மதிப்பு உங்களுக்குத் தெரியாது."

"இனி இந்தப் பக்கம் வராதிய."

"கூப்பிட்டாலும் வர மாட்டேன்!"

அன்று அள்ளி வந்த மண்ணில் ஒரு பாக்டீரியா கிடைத்தது. இளஞ்சிவப்பு. மரபணுவை ஒப்பிட்டால், பேர் வைத்த எந்த இனத்தோடும் பொருந்தவில்லை. புதுசு! ஆனால் ஆய்வகக் குளிர்பெட்டி பழுதாகி அவ்வளவும் செத்துப்போனது. உயிருள்ள கிருமி கையில் இல்லாமல் புது இனம் என்று அறிவிக்க முடியாது. மறுபடி அதே இடத்து மண் வேண்டும். மழை வந்து உப்பு கரைந்துவிட்டால் அதுவும் போச்சு.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. வீறாப்பை விழுங்கிக்கொண்டு போனாள்.

எல்லாப் பாத்தியிலும் தண்ணீர் நின்றது. ஒன்றில் மட்டும் இல்லை. அவள் தோண்டிய மூலையைச் சுற்றிக் களிமண் அணை... மேலே பனை ஓலைக் கீற்று. மழைக்கு முன் உப்பு அம்பாரத்தை மூடுவதுபோல.

"நீங்களா மூடினிய?"

"பின்ன, கப்பல்காரனா வந்து மூடுவான்?" இனிகோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். "மதிப்பு இருக்குன்னு சொன்னியள்லா..."

"ஒரு பாத்தி உப்பு போச்சே!"

"போவட்டும்."

"நான் வருவேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. வரணும்னு இருந்துச்சு..."

முதல் துளி விழுந்தது. அவன் கீற்றைத் தூக்கிப் பிடித்தான். அவள் குனிந்து மண்ணைக் குப்பியில் அள்ளியபடியே, பேர் இல்லாத அந்தப் புதுக் கிருமியைப் பற்றிச் சொன்னாள்.

"அன்னைக்கு... தப்பு என் பேர்லதான்."

"தெரியும். சரி, அதுக்குப் பேரு என்ன வைப்பிய?"

"என் பேரை நானே வைக்கக் கூடாது. அது வழக்கமில்ல."

"அப்ப எம் பேரை வையுங்க."

"கிருமிக்கா?" சிரித்துவிட்டாள்.

"அதைத் தேடித்தானே திரும்பி வந்திய?"

ஜெபசுதா குப்பியின் மூடியைத் திருகினாள். மெதுவாக.

"அதை மட்டும்தான்னு யாரு சொன்னா...?"

கீற்று அவன் கையிலிருந்து நழுவியது. இரண்டு பேரும் தொப்பலாக நனைந்தார்கள். நல்லவேளை, குப்பியை மூடியிருந்தாள்.